முன்னை வேதங்கள்

தோட்டத்து லயத்திலாயினும் பிரிக்பீல்ட்ஸ் தெருவிலாயினும், ‘நான்கு வேதம்’ என்றால் ஒரு வீட்டார் இருக்கு முதலியவற்றைக் கொள்வர். அடுத்த வீட்டு முஸ்லிம் அன்பரோ தவ்றாத்து, சபூர், இஞ்சீல், குர்ஆன் என்பார். மூசா, தாவூது, ஈசா நபிமார்க்கு முறையே அருளப்பட்ட முதல் மூன்றையும் நம்புதல் ஈமானின் பாற்பட்டது. குர்ஆன் ஒன்றையே நம்புவேன், ஏனையவற்றை மறுப்பேன் என்பது அம்மார்க்கத்திற் செல்லாது.

அவ்வேதங்கள் பின்னோர் கையில் திரிபுற்றன என்பது மார்க்க அறிஞர் பலரின் கொள்கை. அதனை ஆராய்தல் புலமையுடையார் வேலை. யாம் வினவுவது ஒழுக்கம் பற்றியது. அயலான் கையிலுள்ள ஏட்டை எங்ஙனம் நோக்குவது? வேதமுடையார் உரைப்பதை மெய்யென்று கொள்ளாமலும் பொய்யென்று தள்ளாமலும் இருக்குமாறு நபிகள் நாயகம் பணித்ததாக ஹதீஸ் உண்டு. வேதமுடையாரோடு அழகிய முறையிலன்றி வழக்காடலாகாது என்பது குர்ஆன் வகுத்த நெறி. எத்துணை நயமான அடக்கம்!

2009இல் கிள்ளான் துறைமுகத்தில் மலாய் விவிலியப் பிரதிகள் 5,100 தடுத்து வைக்கப்பெற்றன. ‘அல்லாஹ்’ என்னும் சொல் அவற்றில் வழங்கியமையே பூசலின் வேர். 2011இலேதான் விடுவிக்கப்பெற்றன. சட்டம் எவ்வாறாயினும் ஆகுக. இஞ்சீலை நம்புகின்ற நெஞ்சுக்கு அந்தப் பெட்டிகளைக் கண்டு ஒரு கூச்சமேனும் தோன்றியிருத்தல் வேண்டாமா?

இன்னும் ஒன்று. எச்சரிப்போர் வாராத சமுதாயம் இல்லையென்றும், தூதர் அனைவர் வரலாறும் கூறப்படவில்லையென்றும் குர்ஆன் மொழிகின்றது. அங்ஙனமாயின் தமிழர்பால் வந்தவர் யாவர்? பெயர் சுட்ட யாம் துணியோம். ஒருவரும் வந்திலர் என்று சாதிக்கவோ, அந்நூலை நம்புவார் எவருக்கும் இடமில்லை.