கைராசியா, காதுராசியா?

ஆபரேஷன் என்றதுமே வீட்டில் முதலில் எழும் பேச்சு என்ன? 'கைராசியான டாக்டரா பாருங்க!' நியாயம்தான். கத்தியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு மயங்கிக் கிடக்கப்போகிறோம். அந்தக் கையைப் பற்றிக் கவலைப்படாமல் எப்படி?

இது பழைய கவலை. அறுவை செய்கிறவனுக்குத் துணிச்சல் வேண்டும், கை நடுங்கக் கூடாது, வியர்க்கக் கூடாது, குழம்பக் கூடாது என்று சுஸ்ருத சம்ஹிதையே சொல்கிறது. மனித உடம்பைத் தொடுவதற்கு முன் பூசணிக்காய், சுரைக்காய், வெள்ளரிக்காய்களை அறுத்துப் பழகவும் சொல்கிறது.

மயக்க மருந்து வராத காலத்தில் லண்டனில் ராபர்ட் லிஸ்டன் என்ற சர்ஜன் வேகத்துக்குப் பேர்போனவர். ஒரு சில நிமிடங்களில் காலை எடுத்துவிடுவார். நோயாளி துடிக்கும்போது வேகம்தானே கருணை! 1846-ல் ஈதர் வந்தது. நோயாளி தூங்கினார். அவசரம் குறைந்தது. கூடவே நோயாளியின் குரலும் போயிற்று. இனி அவருக்காக வேறு யாராவதுதான் பேச வேண்டும்.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஆபரேஷன் முடிந்து, தையல்தான் பாக்கி. காஸ் துணிகளை எண்ணிய நர்ஸ் தயங்கித் தயங்கி, "சார், ஒண்ணு குறையுது" என்கிறார். மூன்று மணி நேரம் நின்ற கால் வலிக்கிறது. அடுத்த கேஸ் காத்திருக்கிறது. "சரியா எண்ணும்மா!" என்று எரிந்து விழுகிறார் ஒரு டாக்டர். இன்னொருவர் தையலை நிறுத்திவிட்டுத் தேடுகிறார். இரண்டு பேருக்குமே கை நடுங்காது. ஆனால் திட்டு வாங்கிய நர்ஸ் அடுத்த முறை வாயைத் திறப்பாரா?

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஆபரேஷன் தியேட்டருக்கென 19 அம்சப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தது. கத்தி வைக்குமுன் எல்லோரும் பெயர் சொல்லி அறிமுகமாகிக்கொள்ள வேண்டும். முடிவில் துணிகளையும் கருவிகளையும் எண்ணியாக வேண்டும். டெல்லி உள்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது மரணம் 1.5 சதவிகிதத்திலிருந்து 0.8 ஆனது என்று 2009-ல் சொன்னார்கள். ஆனால், கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-ல் வந்த முடிவில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை!

காகிதத்தில் டிக் அடிப்பது வேறு, காது கொடுப்பது வேறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

'எல்லார் பேச்சையும் கேட்டா ரத்தம் கொட்டும்போது முடிவெடுக்கிறது யாரு?' என்பீர்கள். சர்ஜன்தான். முடிவு அவருடையதே. ஆனால் தன்னைவிடச் சின்னவர் கண்ணில் பட்டதையும் கேட்டுவிட்டு எடுக்கிற முடிவாக இருக்கட்டும். கை நடுங்காமல் இருக்கப் பயிற்சி போதும். 'நான் தவறியிருக்கலாம்' என்று அந்த நிமிடத்தில் நினைக்க மனசு வேண்டும்.

அதனால், சர்ஜனைப் பார்க்கப் போனால் மனசில் இருக்கும் அசட்டுக் கேள்வியையும் கேட்டுவிடுங்கள். பதிலோடு, அவர் கேட்கிற விதத்தையும் கவனியுங்கள். விழித்திருக்கும் உங்கள் பேச்சையே கேட்காதவர், நீங்கள் தூங்கும்போது நர்ஸ் பேச்சைக் கேட்பாரா?