யார் கண்ணுல நாம எப்படித் தெரியறோம்?



எங்க ஊர் கூத்தாநல்லூர். 'சின்ன சிங்கப்பூர்'னு சொல்வாங்க, அவ்வளவு பேர் வெளிநாட்டுல இருக்காங்க. இன்ஜினியரிங் முடிச்ச நாள்ல இருந்து எனக்கு ஒரே கேள்விதான்: "தம்பி, எப்ப ஃபிளைட் ஏறப் போற?" அதனால மத்தவங்க எதிர்பார்ப்புல மாட்டிக்கிட்டு முழிக்கிறவன் நான்தான்னு இவ்வளவு நாள் நினைச்சுட்டிருந்தேன்.

ஆபீஸ்ல என் டீமுக்கு ஒரு தம்பி புதுசா வந்தான். முதல் வாரமே ஒரு தப்பு பண்ணினான். 'இவன் தேற மாட்டான்'னு மனசுக்குள்ள முடிவு கட்டிட்டேன். வெளியே சொல்லல. ஆனா சின்னச் சின்ன வேலையா மட்டும் கொடுத்தேன். சந்தேகம் கேட்டா, விளக்காம நானே கோடு எழுதி முடிச்சிடுவேன். ஆறு மாசத்துல அவன் கேள்வி கேக்கறதையே நிறுத்திட்டான். வேலையும் மோசமாச்சு. 'நான் அப்பவே நினைச்சேன்'னு எனக்கு ஒரு திருப்தி வேற!

அப்பதான் ஒரு பழைய ஆய்வைப் பத்திப் படிச்சேன். அமெரிக்காவுல ராபர்ட் ரோசென்தால், லெனோர் ஜேக்கப்சன்னு ரெண்டு பேர் 1968ல வெளியிட்டது. ஒரு பள்ளிக்கூடத்துல சில பிள்ளைகளைக் குறிப்பிட்டு, "இவங்க சீக்கிரம் நல்லா முன்னேறுவாங்க"ன்னு ஆசிரியர்கள்கிட்ட சொன்னாங்க. உண்மையில அது குலுக்கல் மாதிரி எடுத்த பேர்கள். ஆனா வருஷக் கடைசியில, முக்கியமா முதல் ரெண்டு வகுப்புல, அந்தப் பிள்ளைகள் மத்தவங்களை விட அதிகமா முன்னேறியிருந்தாங்க. இந்த விளைவு அவ்வளவு பெருசில்லைன்னு பின்னாடி வந்த ஆய்வுகள் சொல்லுது. ஆனா காரணம் மந்திரம் இல்ல. நம்புற பிள்ளைகிட்ட ஆசிரியர் கொஞ்சம் அன்பா பேசுறார், அதிகமா சொல்லித் தர்றார், பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருக்கார். நான் காத்திருக்கவே இல்லையே!

நம்ம திருவாரூர் பக்கம் எண்கண் முருகன் கோயில் தல வரலாறு தெரியும்ல? இதே மாதிரி இன்னொரு சிலை செய்யக் கூடாதுன்னு மன்னன் ஒரு சிற்பியோட கட்டை விரலை வாங்கிட்டான். அவர் எட்டுக்குடியில மறுபடியும் செஞ்சார். கண்ணையும் பறிச்சாங்க. அதுக்கப்புறமும் ஒரு சின்னப் பொண்ணு துணையோட எண்கண்ல உளி பிடிச்சார். உளி பட்டு அவ விரல்ல இருந்து தெறிச்ச ரத்தம் கண்ணுல பட்டதும் பார்வை திரும்பிச்சுன்னு சொல்வாங்க.

பார்வை இல்லாத சிற்பியை நம்பினது அந்தப் பொண்ணு. "உங்களால முடியும்"னு சொல்லிட்டு அவ போயிடல. பக்கத்துல நின்னா, விரல்ல காயமும் வாங்கினா. எதிர்பார்ப்புக்கும் நம்பிக்கைக்கும் வித்தியாசம் இதுதான்னு எனக்குப் படுது. எதிர்பார்க்கறவங்க தூரத்துல நின்னு ரிசல்ட் கேப்பாங்க. நம்புறவங்க கூட நிப்பாங்க.

திங்கட்கிழமை அந்தத் தம்பிகிட்ட ஒரு முழு மாட்யூலைக் கொடுத்துட்டு பக்கத்துல உக்காந்தேன். முதல் கேள்வி கேக்க அவனுக்கு அரை மணி நேரம் ஆச்சு. காத்திருந்தேன். நல்லா வருவானான்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா இத்தனை நாள் அவன் தோத்ததுல என் பங்கும் இருக்கு.

இன்னைக்கு விளக்கேத்தும்போது யோசிச்சுப் பாருங்க: 'தேற மாட்டான்'னு நீங்க ஒதுக்கி வச்சவங்க யாராவது இருக்காங்களா?

வேலும் மயிலும் துணை! 🦚