கண்டெடுத்த பிள்ளையின் பெயர்

பெற்றோர் இன்னாரென்று தெரியாத பிள்ளைக்கு என்ன பெயர் எழுதுவது? ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவும் கையுமாய் உட்கார்ந்திருப்பவருக்கு இது அற்பக் கேள்வியன்று. நம் நாட்டில் தகப்பன் பெயரின் முதலெழுத்து பிள்ளையின் பெயருக்கு முன்னே நிற்கிறது. ஐரோப்பியருக்குக் குடும்பப் பெயர் பின்னே வருகிறது. முன்னோ பின்னோ, அந்த இடம் வெறுமையாய் இருந்தால் ஊரார் கண் அங்கேதான் போய் விழும். அவ்விடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுவதா? இரக்கத்தை முன்னிட்டு அதை மூடி வைப்பதா? இத்தாலிய நகரங்கள் இக்கேள்விக்குப் பல நூற்றாண்டுகளாய் விடையெழுதி வந்திருக்கின்றன. எல்லா நகரத்தாரும் ஒரே விடையை எழுதவில்லை.

நேப்பிள்ஸ் நகரத்தில், தேவமாதாவுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாளின் பேரால் வழங்கும் ஆலயம் உண்டு; அதையடுத்து முன்னே ஓர் அநாதைப் பிள்ளைகள் மடமும் இருந்தது. மடத்துச் சுவரில் மரத்தாலான ஓர் உருளை பொருத்தப்பட்டிருந்தது. அதைச் சக்கரம் என்பார்கள். வறுமையாலோ அவமானத்துக்கு அஞ்சியோ பிள்ளையை வளர்க்க மாட்டாதவள் இருட்டில் வந்து, அதில் பிள்ளையை வைத்துச் சுழற்றிவிடுவாள். மணியோசை கேட்டு உள்ளிருப்பவர் எடுத்துக்கொள்வார். கொடுத்தவளும் வாங்கினவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. 1875ஆம் ஆண்டில்தான் அந்தச் சக்கரம் நிறுத்தப்பட்டது. அங்கே வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு எழுதப்பட்ட குடும்பப் பெயர் எஸ்போசித்தோ. வெளியே போடப்பட்டவன் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது.

இதில் பொய் ஒன்றுமில்லை, நடந்ததைத்தானே எழுதினேன் என்று கணக்கர் சொல்லலாம். நடந்தது வாஸ்தவம். ஆனால் நடத்தியது யார்? போட்டது ஒரு கை. பெயரைச் சுமப்பது இன்னொரு தலை. அந்தப் பிள்ளை வளர்ந்து, முறைப்படி கலியாணம் செய்து, ஊரறியப் பிள்ளை பெற்றாலும், அப்பிள்ளைக்கும் பேரனுக்கும் வெளியே போடப்பட்டவன் என்றே பெயர். தகப்பன் தின்ற புளிப்புக்கு மகன் பல் கூசுகிற கதைதான் இது.

ப்ளாரென்ஸ் நகரத்தார் வேறு விதமாய் யோசித்தார்கள். அங்கே பட்டு வணிகர் சங்கத்தார் கைப்பிள்ளைகளுக்கென்றே ஒரு பெரிய மடம் கட்ட முற்பட்டு, 1419ல் அந்த வேலையைப் புருனெல்லெஸ்கி என்னும் சிற்பியிடம் ஒப்புவித்தார்கள். முதல் குழந்தை வந்து சேர்ந்த நாள் 1445ஆம் ஆண்டு பெப்ருவரி 5. அன்று அர்ச். ஆகத்தம்மாள் திருநாள். ஆகவே அந்தப் பெண் குழந்தைக்கு ஆகத்தா என்று பெயரிட்டு, ஸ்மெரால்தா என்றும் சேர்த்தார்கள். மரகதத்தின் பெயரால் அமைந்த பெயர் அது. வாசலில் கிடந்த பிள்ளையை மரகதம் என்று கூப்பிட ஒருவருக்கு நாவெழுந்ததே, அதை நினைத்தால் மனம் குளிருகிறது. மடத்துக்கே, ஏரோது கொல்லுவித்த மாசில்லாக் குழந்தைகளின் பேரை வைத்தார்கள். அதையொட்டி அங்கு வளர்ந்த பலருக்கு இன்னொசெந்தி, நொசெந்தீனி என்னும் குடும்பப் பெயர்கள் வழங்கின. மிலான் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் சின்னம் புறா. அங்கே எடுத்து வளர்த்த பிள்ளைகளுக்குப் புறா என்றே பொருள்படும் கொலொம்போ என்னும் பெயர் இடப்பட்டது.

இந்தப் பெயர்களும் பிள்ளையின் பிறப்பைக் காட்டிக்கொடுக்கத்தானே செய்தன என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இன்னொசெந்தி என்ற மாத்திரத்தில் ப்ளாரென்ஸ்காரனுக்கு விஷயம் விளங்கிவிடும். அதனால்தான் இத்தகைய பெயர்களே கூடாதென்ற எண்ணமும் எழுந்தது. நேப்பிள்ஸை 1808 முதல் 1815 வரை ஆண்ட முரா மன்னர் காலத்திலேயே எஸ்போசித்தோ என்று எழுதுவது விலக்கப்பட்டது. இத்தாலியில் 2000ஆம் ஆண்டில் வந்த பதிவு விதிகளும், பெற்றோர் தெரியாத பிள்ளைக்கு அதன் பிறப்பு வகையை உணர்த்தும் பெயரை இடலாகாது என்கின்றன. நல்ல விதிதான். ஆயினும் மறைப்பது ஒன்றே தருமம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம், வேதாகமத்தில் வரும் மோயீசன். ஆற்றோரத்து நாணலில் பேழைக்குள் கிடந்த பிள்ளை அவர். தண்ணீரிலிருந்து எடுத்தேன் என்று காரணம் சொல்லிப் பாரவோன் குமாரத்தி அவருக்கு அப்பெயரை வைத்ததாக யாத்திராகமம் கூறுகிறது. பிறப்பின் கதை முழுவதும் பெயரிலேயே இருக்கிறது. ஆனாலும் அதில் இழிவின் சாயை உண்டா? ஒரே சம்பவந்தான். ஒருவர் போட்ட கையைப் பார்த்துப் பெயரிட்டார். மற்றவர் எடுத்த கையைப் பார்த்துப் பெயரிட்டார். வெளியே போடப்பட்டவன், தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்டவன் என்னும் இரண்டும் உண்மையே. இரண்டில் எதை எழுதுவதென்று தீர்மானிப்பது பேனா பிடித்தவரின் மனச்சாட்சி.

அகராதியைப் பார்த்து மட்டும் இதைத் தீர்க்க முடியாது. நம் கிராமங்களில் குப்பன், குப்பம்மாள், பிச்சை என்னும் பெயர்களைக் கேட்டிருக்கிறோம். பிறந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாய் இறந்துபோன வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுப்பதும், அடுத்த வீட்டாருக்குக் கொடுத்துத் தவிட்டுக்கு வாங்குவதும் பழைய வழக்கம். அந்த வழக்கத்திலுள்ள நம்பிக்கை சரியா என்பது வேறு விஷயம். இந்தப் பிள்ளையாவது தங்கவேண்டுமே என்று ஏங்கிய தாயின் வாயில் குப்பை என்ற சொல் மரகதத்துக்குக் குறைந்ததன்று. அதே சொல்லைப் பண்ணை வீட்டார் கூலியாளைக் கூப்பிடச் சொல்லும்போது அதன் ருசி வேறு.

நேப்பிள்ஸில் இன்று எஸ்போசித்தோதான் மிகப் பரவலான குடும்பப் பெயர். 1889ல் இத்தாலிய அரசி மார்கரீத்தாவுக்குப் பிட்சா செய்து கொடுத்ததாகச் சொல்லப்படுகிறவரும் ஒரு ரஃபயேலே எஸ்போசித்தோவே. வசவாய்த் தொடங்கின சொல் ஊர்ப் பெருமையாகிவிட்டது. அப்படியானால் கணக்கர் எழுதினதால் என்ன குடி முழுகிப்போயிற்று என்று கேட்பாரும் உண்டு. அந்தச் சொல்லைக் கழுவினது கணக்கர் அல்லர். கேலியைப் பொறுத்துக்கொண்டு மாவு பிசைந்தும், படகு தள்ளியும், பிள்ளை வளர்த்தும் வாழ்ந்த முதல் தலைமுறையார் அதற்கு விலை கொடுத்தார்கள்.

நம் நாட்டிலும் பேனா ஓய்ந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் சேலத்தில் தொடங்கிற்று. கலியாணமாகாத தாய், தகப்பன் பெயரை வெளியிடாமலே தன் பிள்ளைக்குப் பாதுகாவலராகலாம் என்று 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும், பள்ளிக்கூட மனுவில் அந்தக் கட்டத்தை விரலால் தட்டி, நாலு பேர் கேட்கும்படி, "இது ஏன் காலி?" என்று ஒருவர் உரத்துக் கேட்டால் தீர்ப்பு என்ன செய்யும்?

ப்ளாரென்ஸ் மடத்தின் காட்சிசாலையில் பாதியாய் உடைத்த பதக்கங்களும் காசுகளும் சிறிய இழுப்பறைகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. என்றேனும் பிள்ளையைத் தேடி வந்தால் அடையாளம் பொருந்தட்டும் என்று, ஒரு பாதியைப் பிள்ளையின் துணியில் கட்டிவிட்டு மறுபாதியைத் தாய் கொண்டுபோனாள். சிலர் ஒரு துண்டுச் சீட்டும் வைத்தார்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டது, பெயர் இன்னது, அந்தப் பெயரை மாற்றவேண்டாம் என்று.