நரம்பும் உயிரும்

அறிபவர் யார் என்னும் வினா மெய்ந்நூல்கட்கெல்லாம் தலைவாயிலாவது. இக்காலத்து உடல்நூல் வல்லாருட் பலர், "அறிவது மூளையே, அதனின் வேறாய் உயிரென ஒன்று வேண்டா" என்பர். அவர் கூற்றை இகழாது, அவர் கண்ட உண்மைகளை முதற்கண் கொண்டு, பின்னர் அம்முடிபினை ஆராய்வாம்.

மண்டையோட்டினுள் ஏறத்தாழ 1,400 கிராம் நிறையுடையதாய் மூளை அமைந்துள்ளது. அதன் தொடர்ச்சியாகிய தண்டுவடம் முதுகெலும்பின் உட்டுளை வழியே இறங்குகின்றது. மூளையினின்று 12 இணை நரம்புகளும் தண்டுவடத்தினின்று 31 இணை நரம்புகளும் புறப்பட்டு உடலெங்கும் கிளைக்கின்றன. அவற்றுட் சில, கண் செவி தோல் முதலியவற்றின் செய்தியை உள்ளே கொணர்வன. சில, தசைகட்கு ஏவலைக் கொண்டு செல்வன. வேறு சில, நாம் எண்ணாமலே இதயத்தையும் குடலையும் நெறிப்படுத்துவன. மூளையில் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள. செய்தியானது ஓரணுவில் மின்மாற்றமாய் ஓடி, அடுத்த அணுவிற்கு இடையிலுள்ள நுண்ணிய வெளியைப் பெரும்பாலும் இரசாயனப் பொருளாற் கடக்கும். விரைவுடைய நரம்பில் அது நொடிக்கு 100 மீட்டருக்கு மேலும் ஓடும்; மந்தமான நோவைக் கொணரும் மெல்லிய நரம்பில் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டரே செல்லும். கால்விரல் கல்லில் இடித்தவழி, இடித்தமை முன்னும் எரிவு பின்னும் உணரப்படுதல் இதனானென்க.

இவை எவ்வாறு நிகழ்கின்றன என்பதை உடல்நூல் கூறிற்று. யாருக்கு நிகழ்கின்றன என்பதே எமது வினா. உடம்பும் பொறிகளும் பிராணவாயுவும் உயிரல்ல எனச் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரமும், அந்தக்கரணங்களும் உயிரல்ல என நான்காஞ் சூத்திரமும் நிறுவின. அந்தக்கரணங்கள் தூலவுடம்பினும் நுண்ணியன. அவையே சடமெனின், பூதகாரியமாகிய மூளை தானே அறியுமென்றல் யாங்ஙனம்?

கனடா நாட்டு மாண்ட்ரியால் நகரில் பென்பீல்டு என்னும் அறுவை மருத்துவர், விழித்திருந்த நோயாளரின் மூளையை மெல்லிய மின்சாரத்தாற் தூண்டினர். கை அசைந்தது, நோயாளரோ, அதனைச் செய்தது தாமல்லர், மருத்துவரே என்றனர். இதனை அவர் 1975-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். இஃதொன்றே உயிரை நிறுவிவிடும் என யாம் கூறேம். அம்மறுப்பும் மூளையின் மற்றொரு பகுதியின் தொழிலே என எதிர்வாதி கூறலாம். ஆயினும், கருவி இயங்குதலையும் தான் இயக்குதலையும் வேறு பிரித்துணரும் அறிவு ஒன்று உண்டென்பது அவர்க்கும் உடன்பாடேயாம். அவ்வறிவு எதன்கண்ணது என்பதே வழக்கு.

அற்றேல், மூளை பழுதுற்றவழி அறிவும் பழுதுறுதல் என்னையெனின், அது சித்தாந்தத்திற்கு முரணன்று. உயிர் துணையின்றித் தானே அறியுமென நம் ஆசிரியர் கூறிற்றிலர். ஆணவத்தால் மறைப்புண்ட உயிர், கருவி கூடியவழி அறிந்து, நீங்கியவழி அறியாது நிற்கும். இரவில் ஏடு படிப்பவன் விளக்கவிந்தவழிப் படிப்பொழிவான். அதுபற்றி விளக்கே படித்தது என்பார் உளரோ?

இவ்வாராய்ச்சி வாதத்தோடு ஒழிவதன்று. முதுமையில் நினைவிழந்து, பெற்ற மக்களின் பெயரும் மறந்த தாயைக் குறித்து, "அவர் இனி இல்லை, உடம்பே உளது" என்று சொல்லக் கேட்கின்றோம். மூளையே ஆளெனின் அச்சொல்லை மறுத்தல் அரிதாம். சைவர்க்கோ, கருவி பழுதுற்றது, உடையவர் உளர். அவர்க்கு உணவூட்டலும், உடம்பைத் தூய்மை செய்தலும், செவியிற் திருவைந்தெழுத்தை ஓதலும், அவர் முன்னிலையிலேயே அவரை இல்லாதார்போல் வைத்துப் பேசாமையும் நமக்குக் கடன். அவர் நம்மை அறியாதிருக்கலாம். அறிவிக்கும் இறைவன் அவ்வுயிரை விட்டு நீங்கினானல்லன். அவன் நீங்காதவிடத்து நாம் நீங்குதல் அறமாமோ?