நகரத்துக் காற்றும் படுவான்கரையும்

மத்தியகால ஐரோப்பாவில், பிரபுவின் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த பண்ணையடிமை தப்பியோடி ஒரு நகரத்தை அடைந்து, அங்கே ஓராண்டும் ஒரு நாளும் வாழ்ந்துவிட்டால் அவன் சுதந்திர மனிதன். பல நகரங்களில் நிலவிய சட்டம் இது. நகரத்துக் காற்று மனிதனை விடுவிக்கும் என்று ஜெர்மானியர் கூறுவதும் இதனாற்றான்.

பதினோராம் நூற்றாண்டு முதல் அங்கே வணிகம் தழைத்தது. சந்தைகள் நகரங்களாயின. பணம் கொடுத்தும் போராடியும் வணிகர் தன்னாட்சிச் சாசனங்களைப் பெற்றனர். பிரபுத்துவத்தின் மதிலில் விழுந்த வெடிப்பு இது என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆயின், அந்தச் சுதந்திரம் யாருக்கு? புளொரன்ஸ் நகரின் செல்வம் கம்பளித் தொழிலாளியின் கைகளில் விளைந்தது. அவனுக்கோ சங்கம் அமைக்கும் உரிமைகூட இல்லை. 1378இல் ‘சியோம்பி’ எனப்பட்ட அத்தொழிலாளர் கிளர்ந்தெழுந்து ஆட்சியைப் பிடித்தனர். சில வாரங்களிலேயே அடக்கப்பட்டனர்; அவர்களது சங்கமும் கலைக்கப்பட்டது. நகரச் சுதந்திரம் பேசியோரே தொழிலாளிக்கு அதனை மறுத்தனர்.

நமது வாவிக்கரைக்கு வருவோம். மட்டக்களப்பு நகரின் நடுவிடமான புளியந்தீவில் எழுந்தது சாசனமன்று, கோட்டை. 1628இல் போர்த்துக்கேயர் அதனைக் கட்டினர். 1638இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் கைப்பற்றினர். கோட்டையின் எசமானர் மாறினர். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், போடியாரின் வயலில் முல்லைக்காரனாய் உழைத்தவனை எந்தச் சாசனமும் தேடி வரவில்லை. அவன் விளைத்த நெல் மட்டும் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தது. அதனை உண்டே நாமும் கற்றோம், கற்பிக்கின்றோம்.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையில் மக்கள் படகுப்பாதைக்காகக் காத்து நின்றனர். பாலம் வந்தது நன்றே. ஆயினும் நெல் செல்லும் வழியில் நியாயமும் செல்கின்றதா? கடன்பட்டு விதைத்தவன் அறுவடைக் களத்திலேயே ஈரநெல்லை வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்கின்றான். விலை ஏறும்வரை காத்திருக்கக் கடன் அவனை விடுவதில்லை. காத்திருக்கக் கூடியவனே விலையை நிர்ணயிக்கின்றான்.

வணிகம் தீதன்று. அது மனிதரை இணைத்தது; நகரங்களைப் படைத்தது. ‘இருவரும் இசைந்தே விற்று வாங்கினர், இதில் அநீதி எங்கே?’ என்று கேட்போர் உளர். வேறு வழியற்றவன் தலையசைப்பது இசைவாகுமா? பசியும் கடனும் பக்கத்தில் நிற்கையில் அவன் கூறும் ‘சரி’ என்ற சொல் அவனுடையதன்று. நியாய வட்டியிற் கடனும், நெல்லை உலர்த்திச் சேமிக்கக் கூட்டுறவுக் களஞ்சியமும் இருக்குமாயின், ‘இந்த விலைக்குத் தரமாட்டேன்’ என்று சொல்லும் வலிமை அவனுக்கு வரும். அந்த மறுப்புக்கு இடமுள்ள சந்தையிலேதான் இசைவுக்குப் பொருளுண்டு.

அன்றைய பண்ணையடிமை விடுதலைக்காக நிலத்தை விட்டு ஓட வேண்டியிருந்தது. இன்று படுவான்கரை இளைஞனும் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகின்றான். பிறந்த மண்ணை விட்டுப் போனாற்றான் மனிதனாகலாம் என்பது அரைகுறை விடுதலை. நின்ற நிலத்திலேயே நிமிர்ந்து நிற்க முடிவதே முழு விடுதலை. அதற்கு, நகரத்துக் காற்று வாவியைத் தாண்டி மேற்கேயும் வீச வேண்டும்.