நாள்தோறும் ஒரு சீவல்

அம்பூரி என்ற ஊரின் மலைச்சரிவுகளில், வெயில் ஏறுமுன் ரப்பர் மரத்தடியில் நின்று பால் வெட்டுகிற தொழிலாளியைக் கூர்ந்து நோக்கினால், அவருடைய கத்தி ஒவ்வொரு முறையும் பட்டையில் மெல்லிய ஒரு சீவலை மட்டுமே எடுப்பதையும், சிரட்டையில் சொட்டும் பாலின் கதியறிந்து அடுத்த வெட்டின் ஆழத்தை அவர் நிர்ணயிப்பதையும் காணலாம். அவசரப்பட்டு ஆழ வெட்டினாலோ மரம் காயப்பட்டுப் போகும்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பனிமலை விடுதி ஒன்றில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் பிரகடனம் செய்த ‘அஜைல்’ தத்துவத்தின் சாராம்சமும் இதுவே: ஏட்டில் பூரணமாக எழுதிய திட்டத்துக்கு அடிமையாகாமல், சில வாரங்களுக்கு ஒருமுறை, இயங்கும் சிறு பகுதியொன்றைப் பயனாளர் கையில் கொடுத்து, அவர் சொல் கேட்டுத் திருத்திக்கொண்டே முன்னேறுதல்.

தேவைகள் மாறிக்கொண்டே இருக்கும் பணிகளில் இம்முறை அளிக்கும் பலன் மெய்யானது. தவறு சிறிதாக இருக்கும்போதே அது கண்ணில் பட்டுவிடுகிறது. ஆயினும், நாள்தோறும் 15 நிமிடம் கூடி நின்று பேசுவதையும், சுவரெங்கும் வண்ணச் சீட்டுகளை ஒட்டுவதையும் சடங்காக அனுஷ்டித்துவிட்டு, கண்ட பிழையைத் திருத்தும் தைரியத்தை மட்டும் கைவிடுகிற குழுவுக்கு, இம்முறை சிரட்டையைப் பாராமல் கத்தியை மட்டும் வீசுவதற்கு ஒப்பாகும்.

வேகம் கத்தியில் இல்லை; விவேகம் கண்ணில் இருக்கிறது.