செய்வினை வைத்தவர் யார்?

"எவளோ வெச்சிட்டா." ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு சேரிகளில் அகால மரணம் நடந்த வீட்டு வாசலில் இந்தச் சொல்லை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். தோல் ஷாப்பில் தொட்டிக்குள் இறங்கியவன் மூச்சடைத்துச் செத்தாலும் அதே பேச்சு. ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்ணுக்குக் கரு தங்காமல் போனாலும் அதே பேச்சு. கவனியுங்கள், 'எவனோ' என்று சொல்வது குறைவு. 'எவளோ' என்றுதான் வாய் போகிறது.

பகுத்தறிவு பேசும் தோழர்கள் இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். மூடநம்பிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் அறியாமை மட்டும்தான் காரணம் என்றால் பழி யார்மேல் வேண்டுமானாலும் விழ வேண்டும். அப்படி விழுவதில்லை. ஆள் பார்த்துத்தான் விழுகிறது. அதனால் இதை அறிவுக் குறை என்பதோடு நிறுத்தாமல் அறம் சார்ந்த கேள்வியாகவும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றி இவான்ஸ் பிரிட்சார்ட் என்ற மானிடவியலாளர் 1937-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் தானியக் குதிர் ஒன்று வருகிறது. உயரமாகக் கால்கள் நட்டுக் கட்டிய அந்தக் குதிரின் நிழலில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது அது சரிந்து விழுகிறது. காலைக் கரையான் அரித்ததால் சரிந்தது என்று அசாண்டேக்காரனுக்கும் தெரியும். அவன் கேட்பது வேறு: அது சரிகிற நேரத்தில் அதன் கீழே இந்த ஆள் ஏன் இருந்தான்? இதற்கு அவன் கண்டுபிடிக்கும் பதில்தான் சூனியம்.

பதில் தப்பு. கேள்வி தப்பில்லை. நம் ஊருக்கு அந்தக் கேள்வியைக் கொண்டு வருவோம். தோலின் மயிரைக் களைய சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போடுகிறார்கள். அந்தக் கழிவு தேங்கிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சேரும். முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும், நாற்றமும் தெரியாது. ஆள் விழுந்துவிடுவான். இது கரையான் மாதிரி, சாவின் இயற்கைக் காரணம். ஆனால் அந்தத் தொட்டியில் ஏன் அவன் இறங்கினான்? மேனேஜர் ஏன் இறங்கவில்லை? முதலாளி மகன் ஏன் இறங்கவில்லை? கழிவுநீர்த் தொட்டியில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அப்புறமும் இறக்குகிறார்கள். மறுநாள் செய்தித்தாளில் 'விஷவாயு தாக்கி பலி' என்று வருகிறது. செய்தவன் வாயு! சேரிக்கிழவி 'செய்வினை' என்று சொல்லும்போது, இதைச் செய்தவர் ஒருத்தர் இருக்கிறார் என்றாவது சொல்கிறாள். அந்த அளவில் செய்தித்தாளைவிட அவள் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். அவள் காட்டுகிற ஆள்தான் தவறு.

2015 ஜனவரி 31 விடியற்காலை. ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுவர் ஏன் இடிந்தது என்பதற்கு எஞ்சினியர் பதில் சொல்வார். அதன் பக்கத்தில் ஏன் அவர்கள் படுத்திருந்தார்கள் என்பதற்கு விதி, கிரகம், செய்வினை எதுவும் பதில் ஆகாது. உழைக்கிற இடமே உறங்குகிற இடமாக இருந்தது என்பதுதான் பதில்.

இந்தப் பதிலை நோக்கி விரல் ஏன் நீள்வதில்லை? பழி மேல்நோக்கிப் போகாது. அசாண்டே சாதாரண மக்கள் தங்கள் அரச குலத்தார்மேல் சூனியப் பழி போடுவதில்லை. பக்கத்து வீட்டான்மேல்தான் போடுவார்கள். அமெரிக்காவில் சேலம் என்ற ஊரில் 1692-இல் முதலில் பிடிபட்ட மூன்று பெண்களில் ஒருத்தி அடிமை, ஒருத்தி பிச்சையெடுத்தவள். 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். கடைசியில் பெரிய வீட்டுப் பெயர்களும், கவர்னர் மனைவி பெயரும்கூட அடிபட ஆரம்பித்த காலத்தில்தான் கவர்னர் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார்.

இங்கிலாந்து வழக்குகளை ஆராய்ந்த கீத் தாமஸ் 1971-இல் இன்னொன்றைக் காட்டினார். ஏழைக் கிழவி ஒருத்தி பால் கேட்டோ மாவு கேட்டோ வருவாள். வீட்டுக்காரர் இல்லையென்று விரட்டுவார். அவள் முணுமுணுத்துக்கொண்டு போவாள். பிறகு அந்த வீட்டில் மாடு சாகும், பிள்ளை சாகும். உடனே அவள் சூனியக்காரி. கொடுக்காதவனின் குற்றவுணர்ச்சி, கேட்டவள்மேல் குற்றமாகத் திரும்புகிறது. 'வயிறெரிஞ்சி வுட்டா' என்று நம் பக்கம் சொல்வதும் இதுதானே? அடுத்தவள் வயிறு எரியும்படி நாம் நடந்துகொண்டோம் என்பது நமக்கே தெரிந்திருக்கிறது.

தோலைத் தொட்ட நமக்கு இந்தப் பழியின் சரித்திரம் நன்றாகத் தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் வடஇந்தியாவில் மாடுகள் கூட்டமாகச் செத்தபோது, தோலுக்காகச் சமார்கள் நஞ்சு வைக்கிறார்கள் என்று வெள்ளைக்காரப் போலீஸ் ஒரு சாதியையே குற்றவாளியாக எழுதியது. வெக்கை நோய் கொன்ற மாட்டுக்கும் அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2016-இல் குஜராத்தின் உனாவில், செத்த பசுவின் தோலை உரித்த தலித்துகளைப் பசுவைக் கொன்றவர்கள் என்று கட்டி வைத்து அடித்தார்கள். தெற்கே மலபாரில் பறையரும் பாணரும் ஒடிவித்தை தெரிந்தவர்கள், காளையாகவும் நாயாகவும் உருமாறிக் கொல்வார்கள் என்ற கதைகளை 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதிகள் பதிந்துவைத்தன.

தொட்டால் தீட்டு என்றவனே, இவன் நினைத்தால் நம்மைக் கொல்வான் என்றும் பயந்திருக்கிறான். 'நம்மளக் கண்டா ஊர்க்காரன் நடுங்குவான்' என்று நம் பெரியவர்கள் சிலர் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை இல்லை. இன்று பயந்து விலகுகிறவன் நாளை அதே பயத்தைச் சொல்லித்தான் குடிசைக்குத் தீ வைப்பான்.

பறையர்கள் பூர்வ பௌத்தர்கள், தோற்றதால் நீசராக்கப்பட்டவர்கள் என்று அயோத்திதாசர் 1907 முதல் நடத்திய 'தமிழன்' இதழில் எழுதினார். அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு நம் திருப்பத்தூரிலும் கிளை இருந்தது. சூனியம் என்ற சொல்லையே பாருங்கள். பௌத்தர்களுக்கு அது ஆழ்ந்த தத்துவம். நமக்குத் தெரிந்தது எலுமிச்சம்பழமும் முட்டையும்தான். தோற்றவனின் ஞானம் ஜெயித்தவன் வாயில் பில்லி சூனியமாகிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவும் சுமந்த நாம் நம் தெருவில் என்ன செய்கிறோம்? தாலியறுத்தவளை, பிள்ளையில்லாதவளை, துணையில்லாமல் வாழ்கிற கிழவியைப் பார்த்து, "அவ கண்ணு பட்டா பச்ச மரமும் பட்டுப்பூடும்" என்கிறோம். தொட்டியில் செத்தவனின் பெண்டாட்டியையே 'அவ ராசி' என்கிறோம். ஊர் நம்மேல் இறக்கியதை நாம் அவள்மேல் இறக்குகிறோம். அவளுக்குக் கீழே இறக்க ஆள் இல்லை. சாதி எப்படி இயங்குகிறது என்று அம்பேத்கர் காட்டிய ஏணி, சேரிக்குள்ளேயே ஒரு படி நீள்வது இப்படித்தான்.

இது வாய்ப்பேச்சோடு நிற்கும் என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். 2000 முதல் 2012 வரை மட்டும் சூனியத்தைக் காரணமாகச் சொல்லி இந்தியாவில் 2,000-க்கும் மேற்பட்ட கொலைகள் காவல்துறைப் பதிவுகளில் ஏறியிருக்கின்றன. ஜார்க்கண்ட், ஒடிசா பக்கங்களில் செத்தவர்களில் ஆதிவாசிப் பெண்கள் ஏராளம். பல இடங்களில் விதவையின் துண்டு நிலம்தான் உண்மையான காரணம். பீகார் 1999-இல் தனிச் சட்டம் போட்டது. மகாராஷ்டிரா 2013-இல், நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு போட்டது. சட்டம் தேவை. ஆனால் சட்டம் அடிக்கிற கையைத்தான் பிடிக்கும். பெயர் சொல்கிற வாயை நாம்தான் பிடிக்க வேண்டும்.

பேயே கிடையாது என்று ஒரே நாளில் எல்லாரையும் நம்பவைக்க முடியாது. அதுவரை ஒரு ஒழுங்கை நாம் வைத்துக்கொள்ளலாம். யார் பெயராவது பழியில் அடிபட்டால் இரண்டு கேள்வி கேட்போம். இவள் திருப்பி அடிக்க முடியுமா? இவள் பெயரைச் சொல்வதால் யார் பெயர் மறைகிறது? முதல் கேள்விக்கு 'முடியாது' என்று பதில் வந்தால், இரண்டாவதன் பதிலைத் தேடிப் போக வேண்டும். சாவு வீட்டில் 'எவ வெச்சா' என்று யாராவது ஆரம்பித்தால், 'அவன தொட்டில எறக்குனது யாரு' என்று பக்கத்தில் இருக்கிறவர் கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்ல கோடாங்கி வேண்டாம். வருகைப் பதிவேடு போதும்.